மக்கள் தீர்ப்பும் சந்தை இரைச்சலும்
‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தொடரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கலை மக்களுக்கே உரியது என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்ட எவரும், மக்கள் ஒரு படைப்பை எவ்வாறு ஏற்றனர் என்ற வினாவை ஒதுக்கிவிட்டுத் திறனாய்வு செய்தல் இயலாது. பண்டிதர் சிலர் தம் கூடத்துள் அமர்ந்து வழங்கும் தீர்ப்பே முடிந்த முடிபு என்ற எண்ணத்தை எதிர்த்து நின்ற மரபில் வந்தவர்கள் நாம். ஆயின், மக்கள் குரலைத் தேடிச் செல்லும்போது எமது செவியில் விழுவது மக்கள் குரல்தானா என்ற ஐயம் இன்று முன்னிலும் கூர்மையாக எழுந்து நிற்கின்றது. அவ்வையத்தை எம்மிடம் எழுப்பியவன் எமது மாணவன் ஒருவன்.

உயர்தர வகுப்பு மாணவர்களைத் தாம் பார்த்த திரைப்படமொன்றைப் பற்றி விமர்சனக் கட்டுரை எழுதி வருமாறு ஒருமுறை பணித்திருந்தோம். அம்மாணவன் எடுத்துக்கொண்டது 2017ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்: த லாஸ்ட் ஜெடை’ என்னும் அமெரிக்கப் படம். புகழ்பெற்ற தொடரொன்றை அப்படம் பாழாக்கிவிட்டது என்றும், உலகெங்கும் மக்கள் அதனைத் தூக்கியெறிந்துவிட்டனர் என்றும் அவன் எழுதியிருந்தான். கட்டுரையில் பிழையில்லை, நடையிலும் ஓட்டமிருந்தது. படத்தின் நடுப்பகுதி குறித்து இரண்டொரு கேள்வி கேட்டோம். அவன் தயங்கினான். பின்னர், படத்தைத் தான் பார்க்கவில்லை என்றும், அதைப் பற்றிய காணொளிகள் பத்துப் பன்னிரண்டு பார்த்ததாகவும் ஒளிவுமறைவின்றிச் சொன்னான். “எல்லாரும் அதைத்தானே சேர் சொல்லுகினம்” என்பது அவன் தந்த நியாயம்.

‘எல்லாரும்’ என்ற அந்த ஒரு சொல்லே இக்கட்டுரையின் பொருள். யார் அந்த எல்லாரும்?

முதற்கண் இப்படத்தொடரின் வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். ஜோர்ஜ் லூக்காஸ் எழுதி இயக்கிய முதற்படம் 1977ஆம் ஆண்டு மே மாதம் திரைக்கு வந்தது. விண்வெளியில் ஒரு கொடிய பேரரசு; அதனை எதிர்த்து நிற்கும் சிறு கிளர்ச்சிப் படை; பாலைநிலத்துப் பண்ணையில் வளர்ந்து அப்படையிற் சேரும் லூக் என்னும் இளைஞன். இதுவே கதையின் கரு. வியட்நாம் யுத்தகாலச் சூழலில் உருப்பெற்ற கதை இது என்பதையும், வல்லரசொன்றைச் சிறியோர் எதிர்த்து நின்ற அந்நிகழ்ச்சி தம் கற்பனைக்குத் தூண்டுகோலாயிற்று என்பதையும் லூக்காஸே பின்னர் கூறியுள்ளார். 1980இலும் 1983இலும் தொடர்ச்சிகள் வந்தன. 1999 முதல் 2005 வரை முற்கதை கூறும் மூன்று படங்களை அவரே இயக்கினார். 2012இல் அவரது கொம்பனியை டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 405 கோடி டொலருக்கு வாங்கியது. லூக்காஸ் காலத்திலும் பொம்மை வியாபாரம் நடந்ததுதான். எனினும் அன்றுமுதல் இக்கதை, பங்குதாரருக்கு இடையறாது இலாபம் ஈட்டித்தர வேண்டிய பெருஞ்சொத்தாயிற்று. டிஸ்னியின் முதற்படம் 2015இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கத்தில் வந்து, உலகெங்கும் சுமார் 207 கோடி டொலர் வசூலித்தது. அடுத்ததாக 2017 டிசம்பரில் வந்ததே ரியன் ஜோன்சன் எழுதி இயக்கிய ‘லாஸ்ட் ஜெடை’.

இப்படத்தில் பழைய கதாநாயகன் லூக், தன் தோல்வியால் மனமுடைந்து ஒரு தீவிலே ஒதுங்கி வாழும் முதியவனாகக் காட்டப்படுகின்றான். பழைய இரும்பு பொறுக்கி வயிறு வளர்த்த ரேய் என்னும் இளம்பெண், தன் பெற்றோர் யாரெனத் தேடுகின்றாள். அவர்கள் யாருமல்லர், குடிப்பதற்குக் காசு வேண்டி மகளை விற்றவர்கள் என்பதே அவளுக்குக் கிடைக்கும் விடை. இரு தரப்புக்கும் ஆயுதம் விற்றுச் செல்வம் குவித்தோர் சூதாடிக் களிக்கும் நகரமொன்று வருகின்றது. அங்கே பந்தய விலங்குகளின் தொழுவத்தில் உழைக்கும் சிறுவருள் ஒருவனே படத்தின் இறுதிக் காட்சியில், கையிலே துடைப்பத்துடன் வானத்தை நோக்கி நிற்கின்றான். ஆற்றல் குருதிவழி வருவதன்று, பெயரற்றவர்க்கும் அது உரியது என்ற எண்ணம் படம் முழுவதும் ஊடுருவி நிற்கின்றது. பிறப்பைக் கொண்டு மனிதரை நிறுத்துப் பார்க்கும் கொடுமையை அறிந்த எமக்கு இவ்வெண்ணத்தின் பெறுமதி தெரியும்.

குறைகளும் உள. சூதாட்ட நகரப் பகுதி கதையோட்டத்தைத் தளரச் செய்கின்றது. அதனினும் பெரிய குறை, படத்தின் கருத்திலேயே உள்ளது. பந்தய விலங்குகளைக் கட்டவிழ்த்துவிட்டுச் செல்லும் வீரர்கள், தமக்குத் துணைநின்ற தொழுவத்துச் சிறுவரை அங்கேயே விட்டுச் செல்கின்றனர். ஆயுத வியாபாரியைச் சாடும் படம், அச்சிறுவரின் விடுதலையைக் கனவாக மட்டும் காட்டி அமைகின்றது. பெருமுதலாளித்துவ நிறுவனமொன்று விற்கும் கிளர்ச்சியின் எல்லை இதுவென்று கொள்ளலாம். இவை விவாதிக்கத்தக்க விடயங்கள். ஆயின், எழுந்த கூக்குரலில் இத்தகைய விவாதம் எத்துணை அரிதாகக் கேட்டது!

மக்கள் அதனைத் தூக்கியெறிந்தனர் என்பது உண்மையா? படம் உலகெங்கும் சுமார் 133 கோடி டொலர் ஈட்டியது. 2017இல் வெளிவந்த படங்களுள் அமெரிக்காவில் மிக அதிகமாக வசூலித்தது இதுவே. முந்திய படத்தைவிடக் குறைந்தமை வீழ்ச்சியின் சான்றாகக் காட்டப்பட்டது. ஆனால் 1977இன் படத்தைவிட 1980இன் படமும், 1999இன் படத்தைவிட 2002இன் படமும் குறைவாகவே ஈட்டின என்பது மறக்கப்பட்டது. மும்மூன்று படங்களாக வந்த இத்தொடரில் இரண்டாவது படம் முதற்படத்தினும் குறைவாக ஈட்டுவது வழக்கமாகவே இருந்து வந்துள்ளது. வசூல் கலையின் அளவுகோலன்று என்பதை நாம் அறிவோம். ‘மக்கள் வெறுத்தனர்’ என்ற கூற்றைச் சோதிக்கவே அதனை இங்குக் கூறினோம்.

வேறு சான்றும் உண்டு. அமெரிக்காவில் சினமாஸ்கோர் என்னும் நிறுவனம், படம் வெளியாகும் முதல் நாளில் படமாளிகைகளுக்குச் சென்று, பார்த்து வெளிவருவோரிடமே வாக்கு அட்டைகளைக் கொடுத்துக் கருத்தறிகின்றது. அங்கே இப்படம் ‘ஏ’ என்ற உயர்ந்த தரத்தைப் பெற்றது. முதல் நாள் கூட்டத்தில் ஆர்வலரே மிகுந்திருப்பர் என்பதால் இதுவும் முழு உண்மை ஆகாது. எனினும் அவ்வார்வலர்களே படத்தைக் கொன்றனர் என்று சொல்வோருக்கு இது தக்க மறுமொழி. அதே நாட்களில், ரொட்டன் டொமேட்டோஸ் என்னும் இணையத்தளத்தில் விமர்சகர்களுள் பத்தில் ஒன்பது பேர் படத்தை ஏற்றிருக்க, பொதுமக்கள் மதிப்பெண் எனப்பட்டது அதன் பாதியளவுக்கு வீழ்ந்து கிடந்தது. அந்த மதிப்பெண்ணை இடுவதற்குப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அன்று இருக்கவில்லை. வாக்குகள் மோசடியானவை அல்ல என்று தளத்தார் அப்போது கூறினர். அதனை நாம் மறுக்க வரவில்லை. ஆனால் 2019இல், வெளியாகாத படத்தைப் பற்றிக் கருத்திடுவதைத் தடுத்ததும், சீட்டு வாங்கியோர் எனச் சரிபார்க்கப்பட்டவர்களின் மதிப்பெண்ணைத் தனியே காட்டத் தொடங்கியதும் அத்தளமே. படமாளிகை வாயிலிலே கேட்ட குரலும் தளத்திலே கேட்ட குரலும் இரண்டாக இருந்தன. பத்திரிகைகள் பின்னையதையே ‘மக்கள் குரல்’ என்று பெயரிட்டு அச்சிட்டன.

இது எவ்வாறு நேர்கின்றது? தீயோர் சிலரின் சதியென்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாம் அமைப்பை நோக்குதல் வேண்டும். அமெரிக்காவில் பியூ ஆய்வு நிலையம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயதுவந்தோருள் 22 வீதத்தினரே அன்று ட்விட்டர் எனப்பட்ட தளத்தைப் பயன்படுத்தினர். அவர்களுள்ளும் பத்து வீதத்தினரே, வயதுவந்தோர் இட்ட பதிவுகளில் 80 வீதத்தை எழுதினர். நூறு பேர் வாழும் ஊரில் இரண்டு மூன்று பேர் ஓயாது பேச, ஊர் பேசுகின்றது என்று எழுதுவது போன்றது இது. படத்தைப் பார்த்துச் சற்றே மகிழ்ந்து வீடு திரும்பி, மறுநாட் காலையில் வேலைக்குப் போன பெரும்பான்மையினர் எங்கும் எதுவும் எழுதுவதில்லை. அவர்களின் மௌனம் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

பேசுவோர் குரல்களும் ஒரே அளவிற் கேட்பதில்லை. இத்தளங்கள் விற்பது விளம்பரம். விளம்பரத்துக்கு வேண்டியது எமது நேரம். எமது நேரத்தைப் பிடித்து வைப்பதில் கோபத்துக்கு நிகரான கண்ணி வேறில்லை. முகநூல் நிறுவனம் 2017 முதல் சில காலம், கோபக்குறி உட்பட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண விருப்புக் குறியைப் போல ஐந்து மடங்கு நிறை அளித்துப் பதிவுகளை முன்னே தள்ளியதை, 2021இல் வெளியான அதன் உள் ஆவணங்கள் காட்டின. காணொளித் தளங்களிலும் இதே நியதிதான். அமைதியாக ஒரு படத்தை ஆராய்பவனைச் சிலர் பார்ப்பர். தொடர் செத்துவிட்டது என்று ஓலமிடுபவனைப் பலர் பார்ப்பர். பார்வைக்கு ஏற்பக் கூலி கிடைப்பதால் ஓலமிடுவதே தொழிலாகின்றது. ஒரு படத்தை வெறுத்தவன் அதை மறந்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் அதே படத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வசைக் காணொளி செய்து வாழ்வோர் இன்று உளர். எமது மாணவன் பார்த்த பத்துப் பன்னிரண்டு காணொளிகளும் பத்துப் பன்னிரண்டு மனிதரின் தனித்தனிச் சிந்தனைகள் அல்ல; ஒரே சந்தையின் ஒரே சரக்கு.

எதிர்ப்போரும் அறியாமல் இவ்வியந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுகின்றனர். 2015 ஒக்டோபரில், முதன்மைப் பாத்திரமொன்றைக் கறுப்பின நடிகர் ஜோன் பொயேகா ஏற்றமைக்காக அவ்வாண்டின் ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தைப் பகிஷ்கரிக்கச் சிலர் அறைகூவினர். அவ்வறைகூவலை உலகெங்கும் பரப்பியவர்களுட் பெரும்பாலானோர் அதைக் கண்டித்தவர்களும் எள்ளி நகைத்தவர்களுமே. ஒரு சிறு கும்பலின் குரல், கண்டனத்தின் தோளிலேறி உலகம் சுற்றி வந்தது.

ஆய்வுக்கே நேர்ந்த கதி இன்னொரு பாடம். மோர்ட்டன் பேய் என்னும் ஆய்வாளர், இயக்குநர் ஜோன்சனை நோக்கி ட்விட்டரில் எழுதப்பட்ட 967 பதிவுகளை எடுத்து ஆராய்ந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே படத்தைப் பழித்தது. பழித்த கணக்குகளிற் பாதிக்குச் சற்று மேற்பட்டவை தானியங்கிக் கணக்குகள், போலிக் கணக்குகள், வலதுசாரி அரசியலைப் பரப்ப இதனை மேடையாக்கியோர் கணக்குகள் என அவர் கண்டார். ரஷ்யாவைச் சார்ந்தனவாகத் தோன்றியவை 16 மட்டுமே. ஆனால் பத்திரிகைத் தலைப்புகள் சில, படத்தைக் குறை கூறியோரிற் பாதிப்பேர் ரஷ்யக் கையாட்கள் என்ற தோற்றம் எழும்படி அமைந்தன. திரிபைப் பற்றிய ஆய்வே திரிக்கப்பட்டது. அவ்வாய்வைக் கொண்டு, படத்தை நேர்மையாக விரும்பாதவர்கள் அனைவரையும் போலிகள் என்று ஒதுக்குவதும் தவறே. ஒரு தளத்தில் ஒரு மனிதரை நோக்கி எழுதப்பட்ட ஆயிரத்துக்கும் குறைந்த பதிவுகள், கோடிக்கணக்கான பார்வையாளரின் மனத்தைக் காட்டமாட்டா.

இவ்விரைச்சலின் கேடு மதிப்பெண்ணோடு நின்றிருந்தால் நாம் இத்துணை எழுத வேண்டியதில்லை. அது மனிதரைத் தாக்கியது. அப்படத்தில் ரோஸ் என்னும் தொழில்நுட்பப் பணியாளராக நடித்தவர் கெலி மரி ட்ரான். வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோரின் மகள். இத்தொடரில் முதன்மைப் பாத்திரமொன்றை ஏற்ற முதல் ஆசிய வமிசப் பெண். அவர்மீது இன வசையும் பெண் வசையும் மாதக்கணக்கில் பொழியப்பட்டன. 2018 ஜூனில் அவர் தம் இன்ஸ்டகிராம் பதிவுகளை அழித்துவிட்டு விலகினார். ஆகஸ்டில் ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவ்வசைகள் தம்மைத் தாக்கியதைவிட, அவற்றைத் தாமே நம்பத் தொடங்கியதுதான் கொடியது என்பது அதன் சாரம். சிறுபான்மை இனத்திற் பிறந்து, பள்ளியிலும் தெருவிலும் தாழ்வைக் கற்பிக்கப்பட்ட எவருக்கும் அவ்வாக்கியத்தின் பொருள் விளங்கும்.

அடுத்த படம் 2019 டிசம்பரில் வந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் அப்படத்தில் ரோஸ் தோன்றுவது ஒன்றேகால் நிமிடமளவே. பெயரற்ற பெற்றோரின் மகளாயிருந்த ரேய், பேரரசனின் பேர்த்தியாக்கப்பட்டாள். குருதியே ஆற்றலின் ஊற்று என்ற பழைய நியதி அரியணை ஏறியது. ரோஸின் காட்சிகள் குறைந்தமைக்குத் தொழில்நுட்பக் காரணமொன்றை எழுத்தாளருள் ஒருவர் கூறினார். இம்மாற்றங்கள் அனைத்துக்கும் இரைச்சலே காரணம் என்று நாமும் சாதிக்க மாட்டோம். ஆயின், இரைச்சலிட்டோர் கேட்டது எதுவோ அதுவே திரையில் வந்தது என்பது கண்கூடு. அதனால் நிறுவனம் பெற்ற பயன் யாது? படம் ஈட்டியது சுமார் 107 கோடி. படமாளிகை வாயிலில் அதற்குக் கிடைத்த தரம் ‘பி பிளஸ்’. ‘லாஸ்ட் ஜெடை’ இரண்டிலும் அதனினும் மேலே நிற்கின்றது. மக்கள் கேட்டதாக நிறுவனம் எண்ணியதை மக்கள் கேட்டிருக்கவில்லை. 2020இல் பொயேகா, வெள்ளையரல்லாத நடிகர்களின் பாத்திரங்களை முன்னிறுத்தி விளம்பரம் செய்துவிட்டுப் பின்னர் ஒதுக்கித் தள்ளினர் என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். இரைச்சல் வெளியே கேட்டது. விலை கொடுத்தவர் உள்ளே உழைத்த கலைஞர்.

இக்கேடு முழுவதையும் புதிய கருவிகளின் தலையிற் சுமத்துவதும் சரியாகாது. 1999இல் இத்தளங்கள் இருக்கவில்லை. அன்றும் ஜார் ஜார் என்னும் பாத்திரத்தை ஏற்ற கறுப்பின நடிகர் அஹமட் பெஸ்ட் மீது வெறுப்பு மழை பொழிந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் அன்று எண்ணியதாக 2018இல் அவர் வெளியிட்டார். 2023இல் அவர் இத்தொடரின் தொலைக்காட்சிக் கதையொன்றில் வீரனாகத் தோன்றியபோது இரசிகர்கள் ஆரவாரத்துடன் வரவேற்றனர். வெறுப்பின் விதை சமுதாய மண்ணிலேயே கிடக்கின்றது; இன்றைய தளங்கள் அதற்கு உரமிட்டு, விளைவை அறுவடை செய்கின்றன.

காலமே ஒரு விமர்சகன் என்பதையும் மறத்தலாகாது. இன்று பலரும் தொடரின் மிகச் சிறந்த படமெனக் கொண்டாடும் 1980இன் ‘த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பாக்’, வெளிவந்தபோது கலவையான வரவேற்பையே பெற்றது. அதன் முடிவு முடிவாக இல்லை என்று குறைப்பட்டோர் உளர். மக்கள் அதனை மீண்டும் பார்த்தனர், வாதித்தனர், மனம் மாறினர். தீர்ப்பு கனிய ஆண்டுகள் சென்றன. இன்றைய சந்தைக்கோ, வெள்ளிக்கிழமை வெளியான படத்துக்குத் திங்கட்கிழமைக்குள் தீர்ப்பு வேண்டும்.

அமெரிக்கப் படமொன்றின் சச்சரவு எமக்கெதற்கு என்று வாசகர் கேட்கலாம். ட்ரான் தம் பதிவுகளை அழித்த அதே 2018இல், மார்ச் மாதம், கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. முகநூலில் ஊட்டப்பட்ட வெறுப்பு அவ்வன்செயலுக்குத் துணைபோயிற்று; அரசாங்கம் அதனைச் சில நாட்கள் தடைசெய்தது; 2020 மே மாதம் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. உயிரிழப்பையும் ஒரு படத்தின் மீதான வசையையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் இயங்கிய பொறி ஒன்றே: சிலரின் குரலைப் பெருக்கி, ‘எல்லாரும்’ சொல்வதாக ஒவ்வொருவரையும் நம்பச் செய்யும் பொறி. படத்தைப் பற்றி அவ்வாறு நம்பப் பழகியவன், அயலவனைப் பற்றியும் அவ்வாறே நம்புவான்.

‘அவை’ என்பது எமது மரபில் வெறுங் கூட்டத்தின் பெயரன்று. நூலை முழுமையாகக் கேட்டு, ஐயம் வினவி, விடை பெற்ற பின்னரே தீர்ப்புக் கூறும் பொறுப்புடையோர் அது. அந்த அவையில் இடம் மறுக்கப்பட்டோர் பலர் என்பதை மறந்து பழம்பெருமை பேசுவது எமது நோக்கமன்று. கதவு அகலத் திறக்கப்படல் வேண்டும். எல்லாரும் அமர்தல் வேண்டும். ஆனால் அமர்ந்தோர் கேட்ட பின்னரே பேசுதல் வேண்டும். அத்தகைய மக்கள் அவையை ஆக்குவதே முற்போக்குத் திறனாய்வின் பணி. வகுப்பறை அதற்குச் சிறியதொரு தொடக்கம். ஒரு கருத்தைக் கேட்டதும், இதைச் சொல்பவர் யார், படைப்பை அவர் கண்டாரா, இக்கோபத்தால் இலாபம் அடைபவர் யார் என்ற மூன்று வினாக்களைக் கேட்கும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்போமாக.

எமது மாணவனிடம், படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுரையை மீண்டும் எழுதுமாறு கூறினோம். இரு வாரங்களின் பின் கொண்டு வந்தான். படம் அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. லூக் போன்ற ஒருவன் தன் மாணவனைக் கைவிட்டு ஒளிந்துகொள்வதை ஏற்கத் தன்னால் முடியவில்லை என்றும், ஆசிரியன் ஒருவன் அப்படிச் செய்யக்கூடாது என்றும் எழுதியிருந்தான். நாம் அவனுடன் உடன்படவில்லை; பாட நேரம் முடியும்வரை வாதித்தோம். ஆயினும் இம்முறை எம்முடன் வாதிட்டவன் அவனே.